காலி மனையைப் பக்கத்து நிறுவனத்துக்கு வண்டி நிறுத்த விடுவது எப்படி?

"கொஞ்ச நாள் வண்டிகளை நிறுத்திக்கொள்கிறோம்" என்று பக்கத்து நிறுவனத்தார் கேட்பார்கள், நாமும் தலையாட்டிவிடுவோம். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். நெடுங்காலம் தடையின்றிப் பயன்படுத்திய நிலத்தில் பாத்தியதை கோரப் பல நாடுகளின் சட்டம் இடம் தருகிறது. அனுமதியை எழுத்தில் தந்திருந்தால் அந்த வாதம் பெரும்பாலும் எடுபடாது.

முதல் வேலை விசாரிப்பது. அந்த மனையில் வண்டி நிறுத்துமிடம் நடத்தலாமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். மனை அடமானத்தில் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் தேவைப்படலாம்.

அடுத்து, அளவு. ஒரு கார் நிற்கச் சுமார் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். ஆனால் வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிவிடும். 600 சதுர மீட்டர் மனையில் 48 கார் என்று கணக்குப் போடுபவர்கள் 20, 24 காரோடு நிற்பது இதனால்தான். சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு கார்களை அடுத்தடுத்து நிறுத்திக் கதவைத் திறந்து பாருங்கள். காகிதத்தில் தெரியாதது அங்கே தெரியும்.

மழை பெய்யும்போதும் ஒருமுறை போய் நில்லுங்கள். ஜல்லி கொட்டிச் சமன்செய்தபின் தண்ணீர் யார் சுவரை நோக்கி ஓடும்? அதற்கு வழி செய்யும் செலவு யாருடையது என்பதை அப்போதே பேசிவிடுங்கள்.

இனி ஒப்பந்தம். குத்தகை என்றால் நிலத்தை வைத்து அனுபவிக்கும் உரிமையே அவர்கள் கைக்குப் போகிறது. உரிமம் என்றால் பயன்படுத்தும் அனுமதி மட்டும். திரும்பப் பெறுவதும் பொதுவாக எளிது. சில ஆண்டுகளில் வீடு கட்டும் எண்ணம் இருப்பவர்களுக்கு உரிமமே நல்லது என்பேன். எதுவானாலும் வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும்.

வாடகைத் தொகையைப் பேசும் முன் காலி செய்யும் விதத்தைப் பேசுங்கள்: எத்தனை மாத முன்னறிவிப்பு, ஜல்லியை அள்ளுவது யார், எண்ணெய் ஊறிய மண்ணை மாற்றுவது யார். வண்டிகளின் எண்ணிக்கை, இரவில் நிறுத்தலாமா, லாரி வரலாமா, உள்வாடகைக்குத் தடை, வரி, விபத்துக் காப்பீட்டில் உங்கள் பெயர் ஆகியவையும் எழுத்தில் வர வேண்டும்.

சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து எல்லைக்கற்களைப் படம் எடுங்கள். பின்னுக்கு வரும் சக்கரம் முதலில் சாய்ப்பது மூலைக்கல்லைத்தான். அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு, வெள்ளை அடித்துவிடுங்கள்.