தென்துருவ ஸ்டேஷன்ல கோக்கி வேலைக்கு போறவங்க செய்யக்கூடாத தவறுகள்

நுவரெலியா, பண்டாரவளை பக்கம் ஹோட்டல் குசினியில வேலை பழகுற பசங்க அண்டார்டிகா வீடியோ எதையாச்சும் பாத்துட்டு "நமக்கு தான் குளிரு பழக்கமாச்சே, அங்க போயி சமைச்சா என்னா"ன்னு கேக்குறாங்க. நல்ல ஆசை தான், ஆனா மொத தப்பே அந்த நினைப்பு தான். நம்ம ஊர்ல ஜனவரி பெப்ரவரியில உறைபனி விழுந்து கொழுந்து கருகுனா அதுவே பெரிய பேச்சு. தென்துருவத்துல அமெரிக்கா நடத்துற அமுண்ட்சன் ஸ்காட் ஆராய்ச்சி ஸ்டேஷன்ல குளிர்காலத்துல மைனஸ் 60 பாகை எல்லாம் சாதாரணம், 1982ல மைனஸ் 82.8 வரைக்கும் போயிருக்கு. இருந்தாலும் குசினிக்குள்ள நிக்கிறவனுக்கு குளிர் அவ்வளவு பெரிய விஷயம் இல்ல, உள்ள ஹீட்டர் ஓடுது. உயரம், காத்துல ஈரமே இல்லாதது, அப்புறம் பெப்ரவரி நடுவுல கடைசி பிளேன் போனா அக்டோபர் கடைசி வரைக்கும் அதே நாப்பது சொச்சம் பேரோட முகம், இது மூணு தான் ஆள சோதிக்கும்.

உயரத்த கணக்குல எடுக்காம ரெசிப்பி கொண்டு போறது அடுத்த தப்பு. பிதுருதலாகலை உச்சியே 2,524 மீட்டர் தான், அந்த ஸ்டேஷன் 2,835 மீட்டர்ல இருக்கு. நுவரெலியாவுல தண்ணி 94 பாகை கிட்டயே கொதிச்சிரும், அதனால தான் கொழும்புல இருந்து வர்றவங்க பருப்பு வேகலையேன்னு அடுப்படியிலயே நிப்பாங்க. அங்க 90க்கும் கொஞ்சம் கீழயே கொதிச்சிரும். கடலைய மொத நாளே ஊறப்போட்டு பிரஷர் குக்கர்ல வச்சா தான் உண்டு. பாண் மாவு சீக்கிரமா பொங்கிரும், ஈஸ்ட்ட குறைக்கணும், ஈரத்துணி போடாம அந்தப் பக்கம் திரும்புனா மேல காஞ்சு தோல் கட்டிரும். பிரான்சும் இத்தாலியும் நடத்துற கொன்கோர்டியா இன்னும் உயரம், 3,233 மீட்டர். ஆனா இந்தியாவோட ஸ்டேஷன்களான மைத்ரி, பாரதி ரெண்டும் உயரம் குறைஞ்ச இடத்துல இருக்கு, அங்க இந்த வேகாத பிரச்சினை இல்ல. அதனால போற இடம் எதுன்னு தெரிஞ்சுகிட்டு ரெசிப்பி எழுதுங்க.

இறைச்சி விஷயத்துல அவசரமே ஆகாது. அங்க ஸ்டோர்ல கிடக்குற இறைச்சி நம்ம பிரீசர்ல இருக்குறத விட எவ்வளவோ கூட உறைஞ்சது, பெரிய துண்டு இளகி வர்றதுக்கு நாள் கணக்கா ஆகும். நாளைக்கு கோழின்னு இன்னிக்கு முடிவெடுத்தீங்கன்னா மேல தொட்டா மெத்துன்னு இருக்கும், கத்திய இறக்குனா நடுவுல கறக்குன்னு நிக்கும், அத அப்படியே சட்டியில போட்டா வெளிய வெந்து உள்ள பச்சையா இருக்கும். இளகட்டும்னு சூடான இடத்துல வச்சா மேல்பக்கம் கெட்டுப்போக ஆரம்பிச்சிரும். ஒரு வாரத்து மெனுவ முன்னாடியே எழுதி வச்சு, எது எப்போ குளிர்பெட்டிக்கு மாறணும்னு தேதி போட்டு வைக்கணும். குளிர்காலத்துல வயித்துப்போக்கு ஒருத்தருக்கு வந்து எல்லாருக்கும் பரவுனா ஜெனரேட்டர பாக்கக்கூட ஆள் இருக்காது. 1961ல நோவோலாசரேவ்ஸ்கயா ஸ்டேஷன்ல ரோகோசோவ்னு ஒரு ரஷ்ய டாக்டர் வேற டாக்டர் இல்லாததால தன்னோட குடல்வால தானே ஒப்பரேஷன் பண்ணி எடுத்தாரு, அந்த மாதிரி இடம் அது.

பச்சை மரக்கறிய மொத வாரத்துலயே அள்ளி வீசுறதும் நம்மாளுங்க செய்யக்கூடிய தப்பு, ஏன்னா லீக்ஸ், கரட், கோவா எல்லாம் ரோட்டோரத்துல குவிஞ்சு கிடக்குற ஊர்ல வளந்தவங்க நாம. கீரை, தக்காளிய மொதல்ல முடிக்கணும், கோவா, வெங்காயம், கிழங்க கடைசிக்கு வைக்கணும். தென்துருவ ஸ்டேஷன்ல மண்ணே இல்லாம தண்ணியில செடி வளக்குற ஒரு சின்ன ரூம் இருக்கு, அதுல வர்ற சலாட் இலை கொஞ்சமா இருந்தாலும் எல்லாரு தட்டுலயும் ஒரு துண்டாவது விழணும். கூட்டாளிக்குன்னு ஒரு தக்காளிய ஒளிச்சு வச்சீங்கன்னா அது மறுநாளே தெரிஞ்சிரும், அப்புறம் எட்டு மாசம் அந்தப் பேச்சு ஓயாது.

இப்போ சொல்றது தான் எனக்கு முக்கியமா படுது. யாராச்சும் மேசைக்கு வரலன்னா பாவம்னு சாப்பாட்ட ரூமுக்கு கொண்டு போயி குடுக்குறது. நம்ம வளர்ப்பு அப்படி, பசியோட இருக்கவங்கள விட மனசு வராது. சொகமில்லாம படுத்திருந்தா குடுங்க. மத்தபடி தினமும் குடுக்காதீங்க, ஏன்னா மார்ச்ல மறையிற சூரியன் செப்டெம்பர்ல தான் திரும்ப வருது, அந்த இருட்டுல தூக்கம் கெட்டு, எரிச்சல் வந்து, மனுசன் கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்க ஆரம்பிப்பான், அவன வெளிய இழுக்குறது அந்த மூணு நேர சாப்பாடு மட்டும் தான். கதவுல தட்டி "பிளேன்டீ ஊத்திட்டேன், வாங்கண்ணே"ன்னு கூப்பிடுங்க. வரலன்னா ஸ்டேஷன் டாக்டர் காதுல போடுங்க.

அதே மாதிரி பெரியவங்க கையில இருந்து தட்ட பிடுங்கி கழுவாதீங்க. தோட்டத்துல துரையும் கணக்கப்பிள்ளையும் குசினிப்பக்கம் வந்து பாத்திரம் தேய்க்க மாட்டாங்க, அங்க ஸ்டேஷன் தலைவரும் விஞ்ஞானியும் முறை வச்சு தேய்ப்பாங்க, கூட்டுவாங்க. மரியாதைன்னு நினைச்சு நீங்க தடுத்தா மத்தவங்களோட சேந்து நிக்கிற ஒரு நேரத்த அவங்ககிட்ட இருந்து எடுக்குறீங்க. நீங்க லீவு எடுக்குற நாள்ல வேற யாராச்சும் சமைச்சா குசினிய விட்டுக் குடுங்க, உப்பு கூடிருச்சுன்னு மொகம் சுளிக்காதீங்க. உறைப்பயும் உங்க நாக்குக்கு போடாதீங்க, கறிய பாதி கொச்சிக்காத்தூளோட வச்சுட்டு கட்ட சம்பல தனியா ஒரு கிண்ணத்துல வைங்க.

ஒரே மெனு வாராவாரம் சுத்தக்கூடாது. சனிக்கிழமைன்னா சனிக்கிழமை மாதிரி ஒரு சாப்பாடு இருக்கணும். ஜூன் 21 நடுக்குளிர்கால விருந்து அங்க எல்லா ஸ்டேஷனுக்கும் பெரிய நாள், பிரிட்டிஷ் ஸ்டேஷன்கள்ல சீட்டு எடுத்து வந்த பேருக்கு தன் கையால செஞ்ச பரிச குடுப்பாங்க. அதுக்குன்னு நல்ல இறைச்சி, முந்திரி, சொக்லட்ட பெப்ரவரிலயே எடுத்து பூட்டி வைக்காதவரு ஜூன்ல வெறும் டின் மீனோட தான் நிக்கணும்.

எண்ணெய்ச் சட்டிய அடுப்புல வச்சுட்டு நகரவே கூடாது. காத்து வறட்சியில தீ பத்துனா ஓடுறதுக்கு வேற இடம் கிடையாது, 2012 பெப்ரவரியில பிரேசிலோட ஸ்டேஷன்ல மெஷின் ரூம்ல பிடிச்ச தீயில ரெண்டு பேர் செத்தாங்க. தண்ணியும் ஐஸ உருக்கி எடுக்குறது தான், அதுக்கு எரியிற எண்ணெய் வெளிய இருந்து வரணும், தென்துருவத்துல குளிக்கவே வாரத்துக்கு ரெண்டு தடவ, தடவைக்கு ரெண்டு நிமிஷம். குழாய திறந்து விட்டுட்டு சட்டி கழுவுற பழக்கத்த இங்கேயே விட்டுருங்க.

மிஞ்சின சோத்த காக்காவுக்கு வைக்கிற பழக்கமும் அங்க ஆகாது. கரையோர ஸ்டேஷன்கள்ல ஸ்குவான்னு ஒரு பறவை வந்து நிக்கும், ஒரு பருக்கை கூட போடக்கூடாது. 1991ல கையெழுத்தாகி 1998ல நடைமுறைக்கு வந்த அண்டார்டிகா சுற்றாடல் ஒப்பந்தத்துல கோழிக்குன்னே சட்டம் இருக்கு, மிச்சம் மீதியெல்லாம் எரிக்கணும் இல்லாட்டி அண்டார்டிகாவ விட்டு திருப்பி அனுப்பணும், கோழி நோய் அங்க உள்ள பறவைக்கு தொத்திரக்கூடாதுன்னு தான். வீட்ல இருந்து கறித்தூள் கொண்டு போறதுன்னாலும் மொதல்லயே கேட்டுட்டு, சீல் பண்ணி கொண்டு போங்க. மண் ஒட்டுன இஞ்சி, கருவேப்பிலை கன்னு எதுவும் வேணாம். தோட்டத்துல போட்டு நடந்த பூட்ஸ்னா அடியில உள்ள மண்ண பிரஷ் போட்டு தேய்ச்சு கழுவி, ஜெர்சி பொக்கெட்டெல்லாம் வெளிய இழுத்து ஒரு புல் விதை கூட இல்லன்னு பாத்துட்டு பேக்குல வைங்க.