நமக்குப் பிறகு வீட்டார் அலையாமல் இருக்க

உயில் என்ற பேச்சை எடுத்தாலே ‘நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு’ என்று வாயை அடைத்துவிடுகிற வீடுகளில்தான், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பிள்ளைகள் வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடையாய் நடக்கிறார்கள். அவர்களை அலைக்கழிப்பது பெரும்பாலும் சட்டச் சிக்கல் அன்று. இறந்தவருக்கு எந்த வங்கியில் கணக்கு இருந்தது, எந்த நகை அடகில் இருக்கிறது, யாருக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்தார் என்பவை ஒருவருக்கும் தெரியாமல் போவதுதான்.

ஆகவே உயிலுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது, ஒரு குறிப்பேடு எழுதுவது. வங்கிக் கணக்குகள், வைப்புத்தொகைகள், காப்பீட்டுப் பாலிசிகள், வருங்கால வைப்பு நிதி, சீட்டு, கடன், வர வேண்டிய பாக்கி, தாய்ப்பத்திரமும் பட்டாவும் இருக்கும் இடம் ஆகியவற்றை அதில் எழுதி, வீட்டில் குறைந்தது இருவருக்காவது அது இருக்கும் இடத்தைச் சொல்லி வைக்க வேண்டும். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. வாரிசுகள் பின்னர் கேட்டுப் பெறலாம் என்றாலும், இருப்பதே தெரியாத பணத்தை யார் கேட்பார்கள்? கடவுச்சொற்களையும் ரகசிய எண்களையும் அந்தக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம். இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையைக் கொண்டு பணம் எடுப்பது பல வீடுகளில் இயல்பாக நடக்கிறது. ஆனால் மற்றொரு வாரிசு புகார் கொடுத்தால், எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அடுத்தது நாமினி. இதைப் பற்றி நம்மிடையே இருக்கும் தவறான எண்ணம் வேறு எதைப் பற்றியும் இல்லை என்றே சொல்லலாம். வங்கிக் கணக்கில் நாமினியாகப் பெயர் எழுதப்பட்டவர் அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரிமை பெற்றவரே தவிர, அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. அவர் வாங்கி, சட்டப்படியான வாரிசுகளுக்கோ உயிலில் குறிக்கப்பட்டவருக்கோ சேர்ப்பிக்க வேண்டும். பங்குகளுக்கும் இதுவே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதற்காக நாமினி தேவையில்லை என்று விட்டுவிடவும் கூடாது. நாமினி இருந்தால் வங்கி விரைவில் பணத்தைக் கொடுத்துவிடும், இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம் என்று காகிதங்கள் நீளும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில், காலமாகிவிட்ட தாய் தந்தையின் பெயரே இன்னும் நாமினியாக இருப்பதுண்டு. அதை முதலில் பார்த்து மாற்ற வேண்டும்.

உயில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது அவரவர் சமயத்துக்குரிய சட்டத்தைப் பொறுத்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் ஆணின் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருக்கும் தாய் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். ‘எல்லாம் மனைவிக்குத்தான்’ என்று நினைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. பிள்ளையில்லாத கைம்பெண் தன் உழைப்பால் சேர்த்த வீடுகூட, உயில் இல்லாவிட்டால், அவரைப் பெற்றவர்களுக்குப் போகாமல் முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். எனவே சம்பாதிக்கும் பெண்களுக்கு உயில் ஆண்களைவிடவும் அவசரமானது என்பேன். இஸ்லாமியர்கள் பொதுவாகச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. அவர்களுக்கான விதிகள் தனி.

உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலும் செல்லும். எழுதியவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட, அவர்களும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. சொத்துப் பெறுபவரையே சாட்சியாக வைப்பது வழக்குக்கு வழிவகுக்கும். நம்மைவிட வயதில் இளைய, வெளியார் இருவரை வைப்பதே நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் போலி என்ற பேச்சு அவ்வளவாக எழாது. முதியவர் எழுதும்போது, அவர் தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் ஒரு சான்று பெற்று இணைத்து வைக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும், முந்தையது பதிவு செய்யப்பட்டிருந்தாலும்கூட. ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுப்பதாக இருந்தால், காரணத்தை உயிலிலேயே இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும்.

சொத்தைவிடக் கடினமான முடிவு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கிறது. செயற்கைச் சுவாசக் கருவியைத் தொடர்வதா வேண்டாமா என்று மருத்துவர் கேட்கும்போது, வேண்டாம் என்று சொன்ன பிள்ளை ஆயுள் முழுக்க அந்தச் சொல்லைச் சுமக்க நேரும். அந்தச் சுமையை நாமே முன்கூட்டி வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. மீளும் வாய்ப்பில்லாத நிலையில், நாமே பேச இயலாதபோது, எந்தச் சிகிச்சைகள் வேண்டாம் என்று முன்னரே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. பதினெட்டு வயது நிறைந்த எவரும் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரின் சான்றொப்பம் பெற்றால் போதும். நம் சார்பில் முடிவெடுக்கும் உறவினர்களின் பெயர்களையும் அதில் குறிப்பிட வேண்டும். இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொண்ட பிறகே அது செயலுக்கு வரும். வலி நீக்கும் மருத்துவம் நிறுத்தப்படுவதில்லை. இது கருணைக்கொலை என்று உறவினர் யாரேனும் வாதிட்டால், இதையே சொல்ல வேண்டும்.

உறுப்பு தானத்துக்குப் பதிந்திருந்தாலும், அந்த நேரத்தில் குடும்பத்தார் சம்மதிக்காவிட்டால் அது நடக்காது. கண் தானம் என்றால் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஆகவே அட்டையை வாங்கிப் பணப்பைக்குள் வைத்துக்கொள்வதைவிட, மனைவியிடமும் மக்களிடமும் வாய்விட்டுச் சொல்லியிருப்பதே பயன்படும். எரிப்பதா புதைப்பதா, சடங்குகள் எந்த அளவுக்கு என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

எழுதியவற்றை எங்கே வைப்பது என்பதிலும் யோசனை வேண்டும். உயிலின் மூலப்படியைத் தன் பெயரில் மட்டும் உள்ள வங்கி லாக்கரில் வைத்தால், அதைத் திறப்பதற்கே வாரிசுகள் பல காகிதங்களோடு நிற்க வேண்டியிருக்கும். வீட்டுப் பீரோவிலோ உயிலை நிறைவேற்றுபவராக நியமிக்கப்பட்டவரிடமோ வைப்பது மேல். சிகிச்சை பற்றிய ஆவணமோ நள்ளிரவிலும் கைக்கு எட்ட வேண்டும் என்பதால், அதில் பெயர் குறிக்கப்பட்டவர்களிடம் ஆளுக்கொரு நகலும், குடும்ப மருத்துவரிடம் ஒன்றும், மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் கோப்பில் ஒன்றும் இருக்கட்டும்.