நுரையீரல் புற்றுநோய்: சிகிச்சை தொடங்கும் முன்பே நடக்கும் தவறுகள்

நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது "எந்த ஆஸ்பத்திரி, எத்தனை கீமோ?" என்பதுதான். முதலில் கேட்க வேண்டியது வேறு. இது எந்த வகை, எந்த ஸ்டேஜ், கட்டியில் என்ன மரபணு மாற்றம் இருக்கிறது? இது தெரியாமல் அவசரமாக மருந்தை ஏற்றுவதுதான் பெரிய தவறு.

நம் ஊரில் சிக்கல் அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. விடாத இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் ஒரு நிழல், உடனே காசநோய் என்று முடிவு செய்து, சளியில் கிருமி இருப்பது உறுதியாகாமலேயே மாதக்கணக்கில் டிபி மாத்திரை சாப்பிட்டுவிட்டு நோய் முற்றிய பிறகு வருகிறவர்கள் நிறைய. மாத்திரைக்கு இருமலும் நிழலும் குறையவில்லை என்றால் சிடி ஸ்கேனும் பயாப்ஸியும் (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள், அப்படிப் பரவுவது மிக மிக அரிது.

சரி, பயாப்ஸி முடிந்தது. அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை) என்று ரிப்போர்ட் வந்தால், நோய் பரவிய நிலையில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1 போன்ற மரபணுப் பரிசோதனைகளும் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் மருந்து) பலன் தருமா என்று கணிக்க உதவும் பிடி-எல்1 பரிசோதனையும் கட்டாயம் தேவை. இந்திய நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது, புகையே பிடிக்காதவர்களிடம் இன்னும் அதிகம். அவர்களுக்கு கீமோவைவிட ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள்தான் முதலில் நன்றாக வேலை செய்யும். மரபணு ரிப்போர்ட் வர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். அதற்குள் பதறி இம்யூனோதெரபி போட்டுக்கொண்டால் இவர்களுக்குப் பலன் குறைவு, அதோடு அது முடிந்த கையோடு ஓசிமெர்டினிப் தொடங்கும்போது நுரையீரல் கடுமையாக வீங்கும் ஆபத்தும் கூடுகிறது. மூச்சுத்திணறல் மோசமாக இருந்து காத்திருக்க முடியாது என்றால் டாக்டர் முதல் கீமோவை மட்டும் கொடுத்துத் தொடங்குவது உண்டு, அது தவறில்லை. ஆனால் சிறு செல் (ஸ்மால் செல்) என்ற இன்னொரு வகை என்றால் கதையே வேறு. அது வேகமாகப் பரவும், அங்கே ஒவ்வொரு நாளும் முக்கியம்.

ஆரம்ப ஸ்டேஜில் கண்டுபிடித்தும் "வயசாகிவிட்டது, ஆபரேஷன் தாங்காது" என்று வீட்டிலேயே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். வயதை மட்டும் வைத்து அதை முடிவு செய்வதில்லை, நுரையீரலும் இதயமும் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துத்தான் சொல்வார்கள். உண்மையிலேயே தாங்காது என்றால்கூட, கட்டியை மட்டும் குறிவைத்து ஒரு சில முறையில் முடித்துவிடும் எஸ்பிஆர்டி ரேடியேஷன் இருக்கிறது.

இன்னொரு பக்கம், நான்காம் ஸ்டேஜ் என்றதும் கைகழுவிவிடுவது. ஏஎல்கே மாற்றம் உள்ளவர்களுக்கு அலெக்டினிப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து ஆண்டுகளைக் கடந்தார்கள். எல்லோருக்கும் அப்படி அமையாது, ஆனால் பரிசோதிக்காமலே விட்டுவிட எந்த நியாயமும் இல்லை. வலி, மூச்சுத்திணறலைத் தணிக்கும் பாலியேட்டிவ் சிகிச்சையையும் கடைசி நாட்களுக்கென்று ஒதுக்காதீர்கள். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அதைத் தொடக்கத்திலிருந்தே பெற்றவர்கள் நிம்மதியாக இருந்ததோடு சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

மரபணு மாற்றத்துக்கான மாத்திரை தொடங்கிய பிறகு, டாக்டரைக் கேட்காமல் கேஸ் மாத்திரை போடாதீர்கள், பான்டோபிரசோல் போன்றவை ஜெஃபிடினிப், அதே வகையான எர்லோடினிப் உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். புகைபிடித்தால் எர்லோடினிப்பின் அளவும் குறையும். நாட்டு மருந்து எடுப்பதாக இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஜெஃபிடினிப்பில் விலை குறைந்த ஜெனரிக் மாத்திரைகள் இருக்கின்றன, முதலமைச்சர் காப்பீட்டில் எது வரும் என்பதையும் முன்பே விசாரியுங்கள். பணம் இல்லை என்று நடுவில் தானாக நிறுத்துவதைவிட, கட்டுப்படியாகும் மருந்து எது என்று டாக்டரிடம் நேராகக் கேட்பது மேல்.

அப்புறம், நன்றாக வேலை செய்த மாத்திரை ஒரு கட்டத்தில் கேட்காமல் போனால் உடனே அடுத்த மருந்துக்குத் தாவ வேண்டாம். கட்டியின் குணம் மாறியிருக்கலாம் என்பதால் மறுபடியும் பயாப்ஸியோ, ரத்தத்தில் மரபணுப் பரிசோதனையோ செய்ய முடியுமா என்று கேளுங்கள்.