டெபியன் 13-க்கு மாறிய பின் எஞ்சும் பழைய பொதிகளைக் கையாளுதல்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பிலிருந்து, 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான 13-க்கு மாறிய பிறகும், புதிய களஞ்சியத்தில் (பொதிகளை வழங்கும் இணையச் சேமிப்பகத்தில்) இடம்பெறாத பழைய பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) சில கணினியிலேயே தங்கிவிடும். பொதிகளை நிர்வகிக்கும் கருவியான ஏபிடி இவற்றைக் காலாவதியானவை என்று காட்டினால், இப்போதுள்ள எந்தக் களஞ்சியத்திலும் அவை கிடைக்கவில்லை என்று மட்டுமே பொருள். தேவையற்றவை என்று பொருளன்று. அச்சுப்பொறிக்காகத் தனியே இறக்கி நிறுவிய டெப் என்ற பொதிக் கோப்பும் இதே பட்டியலில்தான் வந்து நிற்கும்.

மாற்றத்தைத் தொடங்கும் முன்பே, ஏபிடி-மார்க் ஷோஹோல்ட் என்ற ஆணையைக் கொடுத்து, மேம்படுத்தாமல் நிறுத்திவைக்கப்பட்ட பொதிகள் உள்ளனவா என்று பாருங்கள். என்றோ நாமே நிறுத்திவைத்து மறந்துபோன ஒரே ஒரு பொதி, மேம்படுத்தலைச் சார்புச் சிக்கலில் (ஒரு பொதிக்கு வேண்டிய மற்றொன்று கிடைக்காத நிலையில்) மாட்டிவிடக்கூடும். வெளியார் களஞ்சியங்களையும் அப்போதே முடக்கிவிடுங்கள்.

மேம்படுத்தல் முடிந்ததும், ஏபிடி லிஸ்ட் என்பதை அடுத்து, அலைக்குறியையும் சிறிய ஓ எழுத்தையும் ஒற்றை மேற்கோளுக்குள் சேர்த்து இட்டால் பட்டியல் கிடைக்கும். லிஸ்ட் இருக்கும் இடத்தில் பர்ஜ் (அமைப்புக் கோப்புகளோடு முழுதாக நீக்குதல்) என்று இட்டால் அத்தனையும் ஒரே வீச்சில் போய்விடும். தரவுத்தளம் ஓடும் சர்வரில் நான் அதைச் செய்யவே மாட்டேன்.

காரணம் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். டெபியன் 12-ல் இருந்தது பதிப்பு 15, 13-ல் இருப்பது 17. மாறிய பின்னும் உங்கள் தரவு பழைய 15-லேயே, 5432 போர்ட்டில் இயங்கிக்கொண்டிருக்கும். புதிய 17 வெறுமையாக 5433-ல் காத்திருக்கும். இந்நிலையில் 15-ஐ பர்ஜ் செய்தால், தரவுக் கோப்பகங்களையும் நீக்கலாமா என்ற கேள்வி எழும். அவசரத்தில் எண்டரைத் தட்டினால் தரவும் போய்விடக்கூடும். ஆகவே முதலில் காப்புநகல் எடுத்து, பிஜி-டிராப்கிளஸ்டர் ஆணையால் 17-ன் வெறுமையான கிளஸ்டரை (தரவுத்தளங்களின் தொகுதியை) நீக்கி (பதிப்பு எண்ணை இருமுறை படித்துவிட்டு எண்டரை அழுத்துங்கள்), பிஜி-அப்கிரேட்கிளஸ்டர் ஆணையால் 15-ன் தரவை 17-க்கு மாற்ற வேண்டும். அதன்பின் 17 தானே 5432-க்கு வந்துவிடும். சில நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பழைய கிளஸ்டரையும், கடைசியாக 15-ன் பொதியையும் நீக்குங்கள்.

பைத்தான் நிரல்மொழியும் 3.11-லிருந்து 3.13-க்கு மாறியிருப்பதால், பழைய மெய்நிகர் சூழல்களை (திட்டங்களுக்கெனத் தனியே அமைத்த பைத்தான் சூழல்களை) புதிதாக அமைத்த பிறகு 3.11-ன் பொதிகளை விலக்கலாம். லிப் என்று தொடங்கும் நூலகங்களில் பெரும்பாலானவற்றை ஏபிடி ஆட்டோரிமூவ் ஆணையே நீக்கிவிடும். தனியே நிறுவிய டெப் பொதிகளுக்கு டெபியனிலிருந்து பாதுகாப்புத் திருத்தம் வராது என்பதால், வைத்துக்கொள்வதாயின் அவற்றின் புதிய பதிப்புகளை நீங்களேதான் தேடி நிறுவ வேண்டும்.