சொந்த மண்ணில் போட்டி: பயிற்சியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் அகமதாபாத்தில் நடைபெறும் என்பது 2025 நவம்பரில் உறுதியானது. அதன் பின் சில வாரங்களில், இளம் தடகளப் பயிற்சியாளர்களுக்கான முகாம் ஒன்றில் இரண்டு நாள் வகுப்பெடுக்கச் சென்றிருந்தேன். தேநீர் இடைவேளையில் ஒருவர், "இந்த முறை கவலையே இல்லை சார், நம்ம கிரவுண்டு, நம்ம சாப்பாடு, நம்ம ஜனம்" என்றார். சுற்றி நின்ற அனைவரும் தலையாட்டினார்கள். ஏறக்குறைய இதே சொற்களை இதே நிச்சயத்தோடு நானும் ஒருகாலத்தில் சொன்னவன் என்பதால், அன்று இரவே இதை எழுதத் தொடங்கினேன்.

காயத்தை மறைக்கக் கூடாது, உறக்கம் கெடக் கூடாது என்பன போன்றவற்றை எந்தக் கையேடும் சொல்லும், அவற்றை விட்டுவிடுகிறேன். போட்டியை நடத்தும் நாட்டின் அணிக்கென்றே வாய்க்கும் சில தவறுகள் உண்டு. விருந்தாளியாக வரும் அணி அவற்றைச் செய்ய நினைத்தாலும் செய்ய முடியாது.

பழகிய மைதானம் என்ற நம்பிக்கை

எங்கள் நாட்டிலேயே நடந்த ஒரு சர்வதேசப் போட்டி. எது, எந்த ஆண்டு என்பது இங்கே தேவையில்லை. அணியின் உதவிப் பயிற்சியாளராக இருந்த என் பொறுப்பில் ஒரு 1500 மீட்டர் ஓட்டக்காரன் இருந்தான். அந்த மைதானத்தில் அவன் ஆறு ஆண்டுகள் பயிற்சி எடுத்தவன். எந்த வளைவில் மாலைக் காற்று எதிர்த்து வீசும், எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்தக் காவலாளி எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார் என்பது வரை அவனுக்குத் தெரியும். பயிற்சித் தடத்திலிருந்து பார்வையாளர் மாடத்தின் பின்புறமாக ஒரு சிறிய இரும்புக் கதவு வழியே நான்கு நிமிடங்களில் பிரதான மைதானத்துக்குள் நுழைந்துவிடலாம். ஆறு ஆண்டுகளும் அவன் அப்படித்தான் நுழைந்தான்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, வெளிநாட்டு அணிகளின் மேலாளர்கள் கையில் வரைபடமும் நிறுத்துக் கடிகாரமுமாகப் பயிற்சித் தடத்துக்கும் கால் ரூமுக்கும் இடையே நடந்து நடந்து அளந்துகொண்டிருந்தார்கள். (தடகளத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு சொல்: கால் ரூமுக்கும் காலுக்கும் தொடர்பில்லை, போட்டிக்கு முன் வீரர்களைப் பெயர் சொல்லி அழைத்து, நெஞ்சு எண், ஸ்பைக்ஸ் ஆணி, பை ஆகியவற்றைச் சரிபார்த்து, வரிசையாக உள்ளே அழைத்துச் செல்லும் அறை அது.) நான் வேப்பமரத்தடியில் அமர்ந்து தேநீர் குடித்தபடி அவர்களை வேடிக்கை பார்த்தேன். வழி தெரியாதவர்கள் நடந்து பார்க்கிறார்கள், நமக்கு எதற்கு என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

போட்டி நாளன்று அந்த இரும்புக் கதவு பூட்டப்பட்டிருந்தது. அதன் முன் நின்ற காவலர்கள் வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு எங்கள் முகம் தெரியாது, தெரிந்திருந்தாலும் பயனில்லை. எங்கள் அனுமதி அட்டையில் அச்சிட்டிருந்த எண்களில் அந்தப் பகுதிக்கான எண் இல்லை. வெளிச்சாலை வழியாக, நுழைவுச்சீட்டுக்காரர்களின் வரிசையைப் பிளந்துகொண்டு, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சுற்றி ஓடினோம். நாங்கள் சேர்ந்தபோது அவனுடைய பிரிவினர் வரிசையாக மைதானத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். நடுவர் என்னிடம் கோபப்படவில்லை. முந்தைய நாள் நடந்த தொழில்நுட்பக் கூட்டத்தில் ஒவ்வொரு போட்டிக்கும் கால் ரூம் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் அடங்கிய கையேட்டைப் பெற்றுக்கொண்டதற்கு நான் இட்ட கையொப்பத்தை மட்டும் எடுத்துக் காட்டினார். கையேடு என் அறையில், பெட்டிக்குள், பிரிக்கப்படாமல் இருந்தது.

முடிவுப் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே டி.என்.எஸ். என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே இடம்பெற்றன. ஓட்டத்தைத் தொடங்கவில்லை என்பது அதன் பொருள். அவனுடைய தாயும் தந்தையும் அன்று மாடத்தில் இருந்தார்கள். அதன் பிறகு சொந்த நாட்டில் ஒரு பெரிய போட்டியில் ஓடும் வாய்ப்பு அவனுக்கு வரவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவன் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

போட்டி தொடங்கும் நாளில் மைதானம் உங்களுடையதாக இருக்காது. அதற்கு முன்பே கூட அது உங்கள் கையை விட்டுப் போய்விடலாம். 2010 அக்டோபர் 3 முதல் 14 வரை நடந்த தில்லி காமன்வெல்த் போட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் அந்த ஆண்டு ஜூலை இறுதியில்தான் திறக்கப்பட்டது. அதே வாரத்தில் நடந்த ஆசிய ஆல் ஸ்டார் தடகளப் போட்டியே அதற்கு வெள்ளோட்டமாக அமைந்தது. பெரிய அரங்குகளைப் புதுப்பிக்கும் பணி ஆண்டுக்கணக்கில் நீளும்போது முதலில் இடம்பெயர்வது அங்கே அன்றாடம் பயிற்சி செய்யும் உள்ளூர் வீரர்தாம். ஆகவே போட்டி நாளில் அந்தத் தடம் வெளிநாட்டு வீரருக்கு எவ்வளவு புதிதோ ஏறக்குறைய அவ்வளவே நம் வீரருக்கும் புதிது. வேறுபாடு ஒன்றுதான்: அது புதிது என்பதை அவர் அறிந்திருக்கிறார், நம்மவர் அறிவதில்லை.

இப்போது நான் சொல்லிக்கொடுப்பது எளிய கணக்கு. ஓட்டம் மாலை 6.40க்கு என்றால் அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கால் ரூம் 6.05க்குத் திறக்கிறது என்று கொள்வோம். உடலைச் சூடேற்ற ஒரு மணி நேரம் என்றால் 5.05க்குப் பயிற்சித் தடத்தில் கால் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்கு 20 நிமிடம், பேருந்துக்கு 40 நிமிடம், ஒரு பேருந்து வராமலே போவதற்கு 20 நிமிடம் என்று கழித்தால், வீரர்கள் தங்கும் விளையாட்டுக் கிராமத்திலிருந்து 3.45க்குக் கிளம்பியாக வேண்டும். இந்த நேரங்கள் ஒவ்வொரு போட்டியிலும் மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். நினைவிலிருந்து எழுதக் கூடாது. பிறகு அதே கிழமை அல்லாவிட்டாலும் அதே மணியில், அதே அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வீரரும் பயிற்சியாளரும் சேர்ந்து குறைந்தது இரண்டு முறை அந்த வழியை முழுவதுமாக நடந்து பார்க்க வேண்டும். பயிற்சியாளருக்கு எந்தக் கதவுவரை அனுமதி, அதற்கு மேல் வீரர் தனியே எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். முகாமில் இதைச் சொன்னபோது முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அவர் எந்த மரத்தடியில் உட்காரப்போகிறார் என்பதை என்னால் இப்போதே சொல்ல முடியும்.

வீடும் உறவும்

வீட்டிலிருந்து அரங்கம் அரை மணி நேரத் தொலைவில் இருந்தாலும், வீரர் தம் வீட்டில் தங்கக் கூடாது. பெரியப்பா நுழைவுச்சீட்டு கேட்பார், பழைய பள்ளி பொன்னாடை போர்த்த அழைக்கும், உள்ளூர் நாளிதழ் அம்மா சமைக்கும் குழம்பைப் பற்றி எழுத வரும். இவை அன்பினால் வருபவை என்பதாலேயே மறுப்பது கடினம். அந்த மறுப்பை வீரரின் வாயால் சொல்லவைக்காமல் மேலாளர் தாமே ஏற்றுக்கொள்ள வேண்டும். நுழைவுச்சீட்டு விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே ஒருவரிடம் போக வேண்டும். அந்த ஒருவர் உறவினர்களிடம் கெட்ட பெயர் வாங்கத் தயாராக இருப்பவராக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கேத்தி ஃப்ரீமன் சிட்னி ஒலிம்பிக் நடந்த 2000ஆம் ஆண்டில் பல மாதங்களை வெளிநாடுகளில் பயிற்சியில் கழித்தார். தொடக்க விழாவில் சுடரை ஏற்றியவரும் அவரே, பத்து நாள் கழித்து 400 மீட்டரை 49.11 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றவரும் அவரே.

ஆரவாரத்தை ஆதாயமாக மட்டும் எண்ணுதல்

அதே சிட்னியில் நடந்த மற்றொன்றை யாரும் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. மகளிர் 20 கிலோமீட்டர் நடைப்போட்டியில் உள்ளூர் வீராங்கனை ஜேன் சாவில் முன்னணியில் இருந்தார். அரங்கத்துக்குள் நுழையும் இடத்தில் மூன்றாவது எச்சரிக்கை வந்து தகுதியிழந்தார். உள்ளே கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது. நடைப்போட்டியில் ஒரு பாதமாவது எப்போதும் தரையைத் தொட்டிருக்க வேண்டும். ஆரவாரம் காதில் விழும்போது கால் தன்னையறியாமல் எழும்புகிறது என்பது நடைப்போட்டிப் பயிற்சியாளர் எவருக்கும் தெரிந்ததே. இரைச்சலுக்கு நடுவே நுட்பத்தைக் காப்பதையும் பயிற்சியின் ஒரு பகுதியாக்க வேண்டும். ஒலிபெருக்கியில் கூச்சலை ஓடவிட்டு இதைச் செய்வோர் உண்டு, பார்ப்பவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

தில்லியில் ஆடவர் ஹாக்கி அணி பாகிஸ்தானை 7–4 என்று வென்றது. அரையிறுதியில் இங்கிலாந்தைப் பெனால்டி வாய்ப்புகள் வரை சென்று வென்றது. கடைசி நாள் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 0–8 என்று தோற்றது. ஆஸ்திரேலியா மிக வலுவான அணி என்பது உண்மை. ஆனாலும், சொந்த மக்கள் முன் இரண்டு ஆட்டங்களை உணர்ச்சியின் உச்சியில் ஆடிய அணியிடம் மூன்றாவதற்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியை ஒவ்வொரு மேலாளரும் போட்டி அட்டவணை வந்த நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

துணை உணவுப் பொடிகள்

ஊக்கமருந்து கலந்திருக்கக்கூடும் என்பதால், சொந்த ஊரில் யார் அன்போடு கொடுத்தாலும், அணி மருத்துவர் எழுத்தில் ஒப்புதல் தராத டப்பா அறைக்குள் வரக் கூடாது.

பதக்கக் கணக்கைப் பயிற்சியின் பெருமையாக எடுத்துக்கொள்ளுதல்

தில்லியில் இந்தியா 38 தங்கம், 27 வெள்ளி, 36 வெண்கலம் என 101 பதக்கங்களுடன் இரண்டாமிடம் பெற்றது. கடைசி நாளில் சாய்னா நேவால் வென்ற தங்கம்தான் 37 தங்கத்துடன் நின்ற இங்கிலாந்தைத் தாண்ட வைத்தது. இனி எப்போதும் இப்படித்தான் என்று அப்போது எங்களில் பலர் நம்பினோம். அந்த 38இல் 14 துப்பாக்கி சுடுதலிலும் 10 மல்யுத்தத்திலும் வந்தவை. எந்த விளையாட்டுகள், எத்தனை பிரிவுகள் என்பதில் போட்டியை நடத்தும் நாட்டின் விருப்பத்துக்கு இடமுண்டு; தில்லியில் இருந்த வில்வித்தையும் கிரேக்க–ரோமன் மல்யுத்தமும் 2014இல் கிளாஸ்கோவில் இல்லை. அங்கே நமக்கு 15 தங்கம். ஆகவே இலக்கு நிர்ணயிக்கும்போது, விளையாட்டுகளின் பட்டியலால் வரும் பதக்கம் எது, முன்னேற்றத்தால் வரும் பதக்கம் எது என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுத வேண்டும். கிருஷ்ணா பூனியா வட்டெறிதலில் 61.51 மீட்டர் வீசி வென்ற தங்கம் இரண்டாவது பத்தியைச் சேர்ந்தது. 1958இல் மில்கா சிங் வென்ற பிறகு காமன்வெல்த் தடகளத்தில் இந்தியா தங்கம் காண 52 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த போட்டியை மறத்தல்

தில்லி முடிந்தது அக்டோபர் 14. குவாங்சோ ஆசியப் போட்டி தொடங்கியது நவம்பர் 12. நாட்காட்டியை முதலிலேயே பாருங்கள்.

இடம் கிடைத்ததால் மட்டும் அணி சேர்த்தல்

போட்டியை நடத்தும் நாட்டுக்குப் பல விளையாட்டுகளில் தகுதிச் சுற்று இல்லாமலே இடம் கிடைக்கும். உடனே, அதுவரை நாட்டில் அதிகம் பேர் பார்த்திராத ஒரு விளையாட்டுக்குப் பிற விளையாட்டுகளில் ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்த்து அணி ஒன்றை அமைத்து, போட்டி முடிந்த மறுநாள் கலைத்துவிடுவார்கள். அணி சேர்ப்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை, கலைப்பதைத்தான் சொல்கிறேன். புல்தரையில் பந்துகளை உருட்டி ஆடும் லான் பவுல்ஸில் 2010இல் நமக்கு ஒரு பதக்கமும் இல்லை, அரங்கில் இருந்தவர்களில் பலருக்கு அதன் விதிகளும் தெரியாது. விடாமல் ஆடிய சிலரால் அந்த விளையாட்டு இங்கே பிழைத்தது. 2022இல் பர்மிங்காமில் நம் மகளிர் நால்வர் அணி அதில் தங்கம் வென்றபோது பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.