மின்வெட்டுக்குப் பின் எழாத மடிக்கணினி

பேட்டரி செயலிழந்த பழைய மடிக்கணினியைச் சார்ஜரை மட்டுமே நம்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். உபுண்டு இயங்குதளத்தின் புதுப்பிப்பு பாதி நடந்திருந்த வேளையில் மின்சாரம் போக, திரையும் உடனே அணைந்தது. மீண்டும் இயக்கியபோது கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ (இயங்குதளம் முழுதாக எழும்முன் ஓடும் தற்காலிகச் சூழல்) என்ற சொல்லும் துடிக்கும் ஒரு கோடும் மட்டுமே நின்றன. ஹார்ட் டிஸ்க்கே போயிற்று என்று அஞ்சினேன். உண்மையில், எழுதி முடிக்கப்படாத தரவினால், டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமைதான் குலைந்திருந்தது. பிழைச்செய்தி சுட்டிய பார்ட்டிஷனின், அதாவது டிஸ்க் பகுதியின், பெயரோடு (நல்ல வேளை, அது திரையிலேயே இருந்தது) கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் ‘எஃப்எஸ்சிகே -ஒய்’ கட்டளையைக் கொடுத்ததும், சில நிமிடங்களில் பழுதுகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. ‘எக்ஸிட்’ என்று தட்டியபின் கணினி எழுந்தது. பாதியில் நின்ற புதுப்பிப்பை ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ என்ற கட்டளை முடித்துவைத்தது. சேமிக்காமல் விட்ட கடிதம் மட்டும் திரும்பவில்லை. மறுவாரமே புதிய பேட்டரி பொருத்தினேன்.