விடையைப் பிடுங்கத் தெரிந்த பிள்ளைகள்: சிறு குழு வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிக்கு அருகே ஓர் ஊரில், பழைய வளவு வீடொன்றின் முகப்புத் திண்ணையில், மாலை நேரத்தில் ஐந்தாறு பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கக் கற்பிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அண்மையில் என்னோடு சேர்ந்த இரண்டு இளம் ஆசிரியைகள், நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை அதே நம்பிக்கையோடு செய்வதைத் திண்ணையின் மறுகோடியிலிருந்து பார்த்தபோது, இதை எழுதிவைக்கத் தோன்றியது. லகர ளகர உச்சரிப்பு, வரி தவறிப் படிப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை எவர் கண்ணிலும் படும்.

பத்தியிலேயே விடை கிடக்கும் கேள்விகள்

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனெனில் ஒரு முழு ஆண்டை இதில் தொலைத்தேன். “கிம்பன் தொலுவுக்குப் பிளாந்தான்” என்று பொருளற்ற ஒரு வரியை எழுதி, “கிம்பன் எங்கே பிளாந்தான்?” என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை தயங்காமல் “தொலுவுக்கு” என்று சொல்லிவிடும். ஆங்கிலத்தில் கேள்விச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் தலைக்கு ஓடிவிடும். தமிழிலோ அது விடை இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே, இரண்டு வரிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பொருந்தாத சொல்லைப் பிடுங்கினால் போதும், விடை கிடைத்துவிடும். எதுவும் புரிய வேண்டிய தேவையில்லை.

அந்த ஆண்டில் நானே எழுதிய பத்தி ஒன்று: “கோடை முற்றிவிட்டது. செல்லி குடத்தை ஊருணியில் இறக்கினாள். குடம் முங்கவில்லை. அரைக் குடத்தோடு வீடு திரும்பினாள்.” செல்லி குடத்தை எங்கே இறக்கினாள், எதோடு திரும்பினாள் என்று நான் கேட்க, ஐந்து பிள்ளைகளும் சரியாகச் சொன்னார்கள். நிலைக்கதவருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வீட்டு ஆச்சி, “அதெல்லாஞ் சரி ஆத்தா, அந்தப் பிள்ளை ஏன் அரைக் குடத்தோட திரும்புச்சு?” என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பையன் விரலை வரிவரியாக நகர்த்தி அந்த விடையைத் தேடிக்கொண்டிருந்தான். ஆச்சி தாளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சிறுமி, “தண்ணி வத்திப்போயிருக்கும், ஆச்சி” என்றாள். ஊருணி அவள் தெருக்கோடியில்தான் இருக்கிறது. அவளுக்குத் தெரிந்திருந்ததைப் பயன்படுத்தாமல் இருக்க, மாதக்கணக்கில் பழக்கியிருந்தவள் நான்.

அதற்குள் நான் போட்ட முழு மதிப்பெண்களைப் பெற்றோர் நம்பியிருந்தார்கள். அடுத்த ஆண்டு, அதே பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தின் வாக்கியக் கணக்குகளில் கூட்டுவதா கழிப்பதா என்று தெரியாமல் விழித்தார்கள்.

இது என் ஒருத்தியின் குறையன்று என்பது பின்னர்தான் தெரிந்தது. டோலோரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களின் இறுதியில் வகுப்பறைகளில் உட்கார்ந்து நேரத்தைக் கணக்கிட்டபோது, பொருளுணர்தலைக் கற்பிப்பதற்குச் செலவான நேரம் 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்களே தவிர, கற்பிக்கவில்லை. இப்போது நான் “முங்கவில்லை” என்ற சொல்லில் நிறுத்தி, “குடம் முங்காமல் போக என்ன காரணம்? முதல் வரியில் கோடை என்று வந்ததே” என்று என் யோசனையைப் பிள்ளைகளின் காதுபட வாய்விட்டுச் சொல்கிறேன். இரண்டு பத்திகளுக்குப் பிறகு அந்த வேலையை ஒரு பிள்ளையிடம் விடுகிறேன்.

“புரிந்ததா?” என்று கேட்பது

கேட்காதீர்கள்.

வேகத்தை மெச்சுவது

எழுத்துக் கூட்டும் திறனும் மொழியறிவும் பெருக்கற்கணக்கைப் போலச் சேர்ந்தே பொருளுணர்தலைத் தருகின்றன என்று கஃப், டன்மர் என்ற வாசிப்பு ஆய்வாளர்கள் இருவரும் 1986இல் சொன்னார்கள். ஒன்று சுழியமானால் விடையும் சுழியந்தான். வேகம் காட்டுவது எழுத்துக் கூட்டும் திறனை மட்டுமே.

மறைந்த எழுவாயைக் கவனியாமல் விடுவது

“ஆச்சி பேத்தியைக் கூப்பிட்டார். ஓடி வந்தாள்.” வந்தவர் யார் என்று கேட்டால், பாதிப் பிள்ளைகள் ஆச்சி என்பார்கள். இரண்டாம் வரியில் பெயரே இல்லை. “ஆர்”, “ஆள்” என்னும் விகுதிகள்தான் ஆளைக் காட்டுகின்றன. பேசும்போது தானாகப் பிடிபடும் இது, தாளில் பிடிபடுவதில்லை. வினைமுற்றின் கடைசி எழுத்தைத் தொட்டுக் காட்டி யாரென்று கேட்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

குழுவை உறையவைப்பது

தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளுக்காக 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயரிட்டார்கள். ஜூனில் அரும்பாக இருந்த பிள்ளையைப் பிப்ரவரியிலும் அரும்பாகவே உட்காரவைப்பவர், அந்தப் பெயரையே படிக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

முந்திக்கொள்ளும் பிள்ளைக்கு இடம் கொடுப்பது

ஐந்து பேரில் ஒருவர் எப்போதும் முந்துவார். மற்ற நால்வரும் அந்த நொடியில் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். எங்கள் திண்ணையில், விடை தோன்றியவர் வாய் திறவாமல் ஒரு புளியங்கொட்டையைத் தம் முன்னால் வைக்க வேண்டும்; நான்கு கொட்டைகளாவது சேர்ந்த பிறகே பேச்சு. முதல் வாரம் கொட்டைகள் அனைத்தும் பல்லாங்குழிக்குப் போய்விட்டன. இரண்டாம் வாரத்திலிருந்து, அவற்றை ஆச்சியின் சம்புடத்தில் எண்ணிப் போட்டு வைக்கிறேன்.